ஓய்வுக்கு ஓர் ஒத்திகை

எனக்கு யோகாசனம் தெரியும் என்று கெக்கி சேட் எப்படி முடிவு கட்டினார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. குனிந்து என் செருப்பு வாரை என்னால் மாட்ட முடியாது, தொப்பை தடுக்கும். ஆபீசில் ஃபைல் கீழே விழுந்தால் அதைக் காலாலேயே தள்ளிச் சுவரோரம் சேர்த்துவிட்டு, பியூன் வரும்வரை காத்திருக்கிற ஆள் நான். ஆனால் புனேயை அடுத்த பிம்ப்ரியில் மருந்து பாட்டில்களுக்கு ரப்பர் மூடி செய்யும் தொழிற்சாலை வைத்திருந்த அந்தப் பார்சி முதலாளிக்கு, மதராஸ் பக்கத்து ஆள் என்றாலே தலைகீழாக நின்றுகொண்டு பிறந்தவன் என்று ஓர் எண்ணம்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. சேட் தன் இருதயத்தைக் காட்டிவர சுவிட்சர்லாந்து போய்த் திரும்பியிருந்தார். இருதயம் சரியாகிவிட்டது, ஆனால் மண்டைக்குள் ஒரு திட்டம் ஏறிவிட்டது. அங்கே பணக்காரர்களைப் பட்டினி போட்டு, உடம்பெல்லாம் சேற்றைப் பூசி, பேசக் கூடாது என்று வாயையும் கட்டிவிடுகிறார்களாம். அவர்களும் கேட்ட பணத்தைக் கொடுத்து, நன்றி வேறு சொல்லிவிட்டுப் போகிறார்களாம். கடக்வாஸ்லா ஏரிக்கரையில் சேட்டின் அப்பா காலத்து பங்களா ஒன்று பூட்டிக் கிடந்தது. அதை 'ஹெல்த் பேலஸ்' ஆக்கி, பம்பாய்ச் சீமான்களை வரவழைத்து, ராஜபோகமாக ஓய்வு கொடுத்து அனுப்புவது என்று தீர்மானித்தார்.

"ஸ்வாமி, தும் மதராஸி லோக் கோ யோகா, மாலிஷ், ஆயுர்வேத் சப் ஆதா ஹை நா?" என்று கேட்டார். மதராஸ்காரர்களுக்கு இதெல்லாம் தெரியுமல்லவா என்று.

"எஸ் சார்," என்றேன்.

என் வாழ்க்கையில் வந்த சங்கடங்களில் முக்கால்வாசி இந்த இரண்டு சொல்லில் ஆரம்பித்தவைதான். ஆபீஸ் சூப்பரிண்டென்டாக இருந்த ஸ்வாமிநாதனாகிய நான், அன்று சாயங்காலம் லோக்கல் ரயிலில் வீடு திரும்பும்போது ஆரோக்கிய மாளிகையின் அமைப்பாளராகவும் ஆகியிருந்தேன்.

சரசாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சரசா என் மனைவி. அறுபதாம் வருஷம் மாயவரத்திலிருந்து புனேக்கு வந்தவள். ராஸ்தா பேட்டில் மாடியில் இரண்டரை அறை எங்கள் வீடு. அந்த அரை அறைதான் சமையல்கட்டு, அதில்தான் அவள் இருப்பு. வந்த சில மாதங்களிலேயே மண்டை மார்க்கெட்டில் காய்கறிக்காரிகளோடு சண்டை போட்டுச் சண்டை போட்டே மராட்டி கற்றுக்கொண்டுவிட்டாள். நான் இன்னும் ரிக்ஷாக்காரனிடம் உடைந்த இந்தியில் இழுத்துக்கொண்டிருப்பேன். அவள் பின்னாலிருந்து மராட்டியில் ஒரு வார்த்தை சொல்வாள், வண்டி கிளம்பிவிடும்.

எங்கள் ஒரே பெண்ணுக்குக் கல்யாணமாகி அவள் நாக்பூர் போய்விட்டாள். அதனால் வீட்டில் இரண்டே பேர் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து புனேக்கு மாற்றலாகி வருகிறவர்கள், குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். பாங்குக்காரர்கள், மிலிட்டரி அக்கவுண்ட்ஸ்காரர்கள், தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர்கள், அவர்களுடைய மச்சினன்மார்கள். திருச்சி ஜங்ஷனில் ரயில் ஏறும்போதே யாராவது சொல்லி அனுப்பிவிடுவார்கள்: "புனேல எறங்கினதும் ராஸ்தா பேட் சாமா ஆத்துக்குப் போங்கோ. அவரை மாதிரி மனுஷா கெடைக்காது." அந்த சாமா நான்தான். அந்தப் பெயரில் எனக்குக் கொள்ளைப் பெருமை. விருந்தோம்பலில் எங்களுக்குள் ஒழுங்கான வேலைப் பிரிவினை இருந்தது. ஸ்டேஷனுக்குப் போய் "வாங்கோ, வாங்கோ" என்று அழைத்து வருவதும், ஊஞ்சலில் உட்கார்த்தி வைத்து ஊர் வம்பு பேசுவதும் என் பங்கு. மீதியெல்லாம் அவள் பங்கு.

பட்டாபிராமன் இப்படித்தான் வந்தார், மிலிட்டரி அக்கவுண்ட்ஸுக்கு. இரண்டு நாள் என்று சொல்லி, ஒரு மழைக்காலம் முழுக்கத் தங்கினார். பிறகு கிர்க்கியில் குவார்ட்டர்ஸ் கிடைத்து, மனைவி சாவித்ரியும் வந்து சேர்ந்தாள். அப்புறமும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தம்பதி சமேதராக எங்கள் வீட்டில்தான். பாங்கில் வேலை பார்க்கும் விச்சு, கல்யாணமாகாதவன். ஞாயிற்றுக்கிழமை மெஸ் மூடிவிடுகிறார்கள் என்று வருவான். சனிக்கிழமையும் வருவான், அதற்குக் காரணம் எதுவும் சொல்வதில்லை.

சேட் திட்டம் சொன்ன அதே மாதத்தில் ஒருநாள் சரசா சாம்பார்க் கரண்டியும் கையுமாகச் சமையல்கட்டில் மயங்கி விழுந்தாள். ஆட்டுக்கல்லில் தலை பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நல்லவேளை, விச்சு அன்று தன் வழக்கத்துக்கு மாறாக, தட்டை வைக்கச் சமையல்கட்டு வாசல்வரை வந்திருந்தான். அவன் தாங்கிக்கொண்டான். ரிக்ஷாவில் போட்டுக் கேம்ப் பகுதியில் இருந்த டாக்டர் ஈனிட்டிடம் கூட்டிக்கொண்டு போனேன். பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், மூன்று தலைமுறையாக புனேயில் இருப்பவர்கள். கண் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர் ஸ்வாமிநாதன், இவங்க உடம்புல ரத்தமே இல்ல. மாத்திரை தாறேன், ஆனா மாத்திரை மட்டும் போதாது. ரெஸ்ட் வேணும். அடுப்பு கண்ணுலயே படக் கூடாது. இன்னொரு தடவ இப்படி விழுந்தாங்கன்னா ஆஸ்பத்திரிதான், அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

"ஊருக்கு, அவ பொறந்தாத்துக்கு அனுப்பட்டுமா டாக்டர்?" என்றேன்.

"அங்க போனா இன்னும் பெரிய அடுப்பு," என்றாள் சரசா, கண்ணை மூடிக்கொண்டே.

இப்படியாக என் தலையில் இரண்டு ஓய்வுகள் ஏறி உட்கார்ந்தன. ஒன்று பம்பாய்ச் சீமான்களுக்கு, மற்றொன்று சரசாவுக்கு. முதலாவதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமா? யோகா தெரியாதே தவிர, தெரிந்த மாதிரி இருக்கத் தெரியும். காலையில் சூரிய நமஸ்காரம், பிறகு எண்ணெய் மாலிஷ், நீராவிக் குளியல், சேற்றுப் பூச்சு, மத்தியானம் இலேசான ஆகாரம், அதன்பின் ஒரு மணி நேரம் 'மௌன வேளை' என்று திட்டம் போட்டேன். மௌன வேளை முழுக்க முழுக்க என் கண்டுபிடிப்பு. தூக்கத்தில்கூடப் பேசுகிறவன் என்று சரசா என்னைச் சொல்வாள். அப்படிப்பட்டவன் பிறர் வாயைக் கட்டுவதற்கு வெண்கல மணி ஒன்று வாங்கி வைத்தேன்.

நீராவிக் குளியலுக்குத் தொழிற்சாலைத் தச்சரைக் கொண்டு, தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஒரு மரப் பெட்டி செய்தோம். அதை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டுமே? நான் உட்கார்ந்தேன். கம்பெனி வேன் டிரைவர் காசிம் பாய் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். கொக்கி வெளிப்பக்கம் இருந்தது. திட்டம் போட்ட மேதாவிக்கு அது தோன்றவில்லை. காசிம் பாய் "அபி ஆயா சாப்", இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் கத்தின கத்தலில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் பறந்துபோயிற்று. வெளியே எடுத்தபோது நல்ல பிஞ்சுக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தேன். அதற்கப்புறம் உள்பக்கமும் ஒரு கொக்கி வைக்கச் சொன்னேன்.

எல்லாம் தயாரானதும் சேட் சொன்னார், பம்பாய்க்காரர்கள் வருவதற்கு முன்னால் ஒரு வாரம் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று. நல்ல குடும்பத்து மனிதர்கள் சிலரைத் தங்கவைத்து, நிஜ விருந்தாளிகளைப் போலவே கவனித்து, குறை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். ஆட்களை நானே பிடிக்க வேண்டும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சரசாவுக்கு ஓய்வு கொடுக்க இதைவிட இடம் ஏது? அன்றைக்கே அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. அடுத்த நாள் காலையில் காபி கொடுக்கும்போது டம்ளரை நீட்டியபடியே நின்றாள்.

"ஏன்னா, நெஜமாவே அங்க நான் அடுப்பு மூட்ட வேண்டாமா?"

"நீ விருந்தாளி சரசா. ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டாம்."

"யாரோ சமைச்சு, யாரோ பரிமாறி, யாரோ எடுத்து அலம்புவாளா?"

"ஆமாம்டி. அதுக்குன்னு பெர்னாண்டஸ்னு ஒருத்தன், பம்பாய் ஓட்டல்லேந்து வந்திருக்கான்."

"அவன் என்ன பண்ணிப் போட்டாலும் சரி. உப்பே இல்லாட்டாலும் சாப்பிடுவேன்," என்றாள். அவள் இப்படி எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. மாம்பழ நிறப் புடவையை எடுத்து இஸ்திரிக்குப் போட்டாள். படிக்காமல் சேர்ந்துபோன வாரப் பத்திரிகைகளைக் கயிறு கட்டி வைத்தாள். கட்டி முடித்ததும் கேட்டாள், "வேற யாரெல்லாம் வரா?" என்று.

"யாரோ நாலு பேர்," என்றேன்.

அந்த நாலு பேரில் பட்டாபிராமன், சாவித்ரி, விச்சு மூவரும் ஏற்கனவே அடக்கம். ராஜபோகம், ஏரிக்காற்று, எல்லாம் இலவசம் என்றால் நம் மனிதர்களை விட்டுவிட்டு வேறு யாரைக் கூப்பிடுவேன்? கூப்பிடாவிட்டால் 'சாமா மாறிப்போயிட்டான்' என்று சொல்ல மாட்டார்களா? பட்டாபி தன் ஆபீசிலிருந்து மேலும் இரண்டு தம்பதிகளைச் சேர்த்துவிட்டார்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ஆளா? கிளம்புகிற அன்று காலை, சரசா குளிக்கப் போயிருந்த சமயம், ஒரு சாக்குப் பையில் கெரசின் ஸ்டவ், காபி ஃபில்டர், காபிப்பொடி, ரசப்பொடி, புளி, பெருங்காயம், ஒரு கட்டு அப்பளம் எல்லாவற்றையும் போட்டு வேனின் பின்சீட்டுக்கு அடியில் தள்ளினேன். எங்கே போனாலும் இதெல்லாம் இல்லாமல் நாங்கள் போனதில்லை. காசிக்குப் போனபோது உரலைத் தவிர எல்லாம் வந்தது. ஓர் அவசரத்துக்கு இருக்கட்டுமே என்றுதான் வைத்தேன்.

"யே க்யா ஹை, ஸ்வாமி சாப்?" என்றார் காசிம் பாய்.

"தவாய்," என்றேன். மருந்து.

ஏரிக்கரை பங்களாவில் முதல் நாள் காலை மட்டும் நன்றாக இருந்தது. வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள். எதிரே ஏரி. சரசா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி வைத்துக்கொண்டாள். வெயிட்டர் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்தான். குடித்துவிட்டு டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள், அலம்பி வைக்க. வெயிட்டர் ஓடிவந்து அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். வெறும் கையை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மத்தியானம் பெர்னாண்டஸின் இலேசான ஆகாரம் வந்தது. வேகவைத்த பீட்ரூட், முளைகட்டிய பயறு, பச்சை நிறத்தில் ஒரு கஞ்சி. அது என்ன என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சரசா கடைசிப் பயறுவரை பொறுக்கிச் சாப்பிட்டாள். "யாரோ பண்ணிப் போட்டதுன்னா ருசியே வேறன்னா," என்றாள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டாபிராமன் பீட்ரூட் துண்டை முள்கரண்டியால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சாப்பாடு முடிந்ததும் நான் மணி அடித்தேன். மௌன வேளை. எல்லாரும் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரம் நிஜமாகவே நிசப்தம். அப்புறம் பட்டாபியின் வயிறு பேசியது. விதியை மீறக் கூடாது என்று அவர் வாயைத் திறக்கவில்லை, கையைத் திறந்தார். சரசாவைப் பார்த்து, ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனார். பிறகு உள்ளங்கையைக் குழித்து உறிஞ்சிக் காட்டினார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, 'ஆகா' என்று தலையை ஆட்டினார். பெருங்காயம் போட்ட ரசம் என்று அதற்குப் பொருள். விச்சு இரண்டு கையையும் வட்டமாக வைத்து, உள்ளங்கைக்குள் எதையோ நொறுக்கிக் காட்டினான். அது அப்பளம். சாவித்ரி டம்ளர் டவராவில் ஆற்றுகிற மாதிரி ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் கொண்டுபோனாள்.

சரசா எல்லாவற்றையும் பார்த்தாள். இல்லை என்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். 'நான் என்ன பண்ணுவேன், இங்கே என் அடுப்பு இல்லையே' என்று அர்த்தம். அப்படிக் காட்டும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

நான் எழுந்தேன். ஜாடையாக எல்லாரையும் பொறுக்கச் சொல்லிவிட்டு, வேனுக்குப் போய் சாக்குப் பையை எடுத்துவந்து, மந்திரவாதி மாதிரி ஒவ்வொன்றாக வெளியே வைத்தேன். ஸ்டவ்வைக் கண்டதும் பட்டாபி சத்தமில்லாமல் கை தட்டினார்.

மௌன வேளையைக் கலைத்தது சரசாதான்.

"இது நம்மாத்து ஸ்டவ்னா," என்றாள்.

"ஒரு வாய் ரசம்தானே சரசா. இன்னிக்கு ஒருநாள்," என்றேன்.

அவள் என்னை வெகு நேரம் பார்த்தாள். பிறகு நீட்டியிருந்த காலை மடக்கி, எழுந்து, ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

அன்று ராத்திரி ரசம் சாதம், அப்பளம். அடுத்த நாள் உப்புமாவில் ஆரம்பித்து வத்தக்குழம்பில் போய் நின்றது. தீர்ந்த சாமான்களை விச்சு காசிம் பாயோடு போய் வாங்கிவந்தான். சாவித்ரி கூடமாட ஒத்தாசை செய்வதாகச் சொல்லி, சமையலறை வாசலில் மணை போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். பெர்னாண்டஸ் கையைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் பீடி பிடித்தான். நீராவிப் பெட்டியில் வெங்காயம் கொட்டி வைத்தார்கள். நானோ, எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் குழம்பு போட்டுக்கோங்கோ, கூச்சப்படாதேங்கோ" என்று உபசாரம் செய்துகொண்டிருந்தேன். மாம்பழ நிறப் புடவையில் மஞ்சள்பொடி பட்டதைப் பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

ஒரு தடவை சரசா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நாளைக்கானும் அந்த பீட்ரூட்டையே போட்டுக்கட்டுமேன்னா. எனக்குக் கண்ணைக் கண்ணை இருட்டிண்டு வரது," என்றாள்.

"பாவம், பட்டாபிக்கு அது வயத்தை என்னவோ பண்றதாம்," என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, இப்போது எழுதும்போது. அப்போது வெகு நியாயமாகப் பட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் கெக்கி சேட் வந்து இறங்கினார். காரிலிருந்து இறங்கியதுமே மூக்கை உயர்த்தினார். பெருங்காய வாசனை ஏரிவரை போயிருந்தது. நேராகப் பின்கட்டுக்கு வந்து, ஒரு கிண்ணத்தில் ரசத்தை வாங்கி, நின்றுகொண்டே ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார்.

"ஸ்வாமி! யெஹி ஹை! இதுதான் வேணும்! பீட்ரூட் பந்த்! யார் இந்த குக்? எங்கேருந்து பிடிச்சே?"

"என் ஆத்துக்காரி சார். மை வைஃப்," என்றேன். மார்பு விரிந்தது. சுற்றிலும் எல்லாரும் கை தட்டினார்கள்.

"உன் வைஃபா? அச்சா! முடிஞ்சது. இந்த ஹெல்த் பேலஸ் கிச்சன் முழுக்க இனிமே இவங்க பொறுப்பு. பம்பாய் ஆட்கள் வரட்டும், இதே சூப். நல்ல சம்பளம். என்ன ஸ்வாமி?"

"எஸ் சார்," என்றேன்.

அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. திரும்பிப் பார்த்தேன், சந்தோஷப்படுவாள் என்று. சரசா ஒரு கையைச் சுவரில் ஊன்றி நின்றிருந்தாள். முகம் வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தது. மறு கையில் கரண்டி. அவள் என்னைப் பார்க்கவில்லை. சேட்டைப் பார்த்து, மண்டை மார்க்கெட்டில் காய்கறிக்காரியிடம் பேசுகிற அதே நேர்க்குரலில், மராட்டியில் சொன்னாள்:

"சேட், மீ ஸ்வயம்பாகீண் நாஹீ. மீ பாஹுணி ஆஹே."

சேட், நான் சமையல்காரி இல்லை. நான் விருந்தாளி. எனக்குத் தெரிந்த அரைகுறை மராட்டிக்கே அது புரிந்துவிட்டது.

சொல்லிவிட்டுக் கரண்டியை என் கையில் கொடுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, தன் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். நான் மணி அடிக்காமலேயே மௌன வேளை வந்தது. ஒருவர் வயிறுகூடப் பேசவில்லை.

சேட் ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். குடித்து முடித்துவிட்டுத்தான் வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு என்னைக் கேட்டார், "கெஸ்ட் கிச்சன்ல என்ன பண்றாங்க, ஸ்வாமி?"

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு 'எஸ் சார்' வரவில்லை. கரண்டியை வைத்துக்கொண்டு நின்றேன். டாக்டர் ஈனிட் சொன்னதிலிருந்து சாக்குப் பைவரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, சேட் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒத்திகை அத்தோடு முடிந்தது. எல்லாரையும் வேனில் ஏற்றச் சொன்னார். ஸ்டவ்வையும் ஏற்றச் சொன்னார். பட்டாபிராமன் போகும்போது, "மாமிகிட்ட சொல்லிடு சாமா, ஏதோ சின்னக் கோபம், சரியாயிடும்," என்றார். வத்தக்குழம்பு பாக்கி இருந்ததா என்று காசிம் பாயிடம் விசாரித்ததாகவும் பின்னால் தெரிந்தது. பெர்னாண்டஸ் பீடியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உள்ளே போனான்.

நான் மட்டும் இருந்துவிட்டேன். அவள் அறைக்கு வெளியே பிரம்பு நாற்காலியில் காவல் உட்கார்ந்தேன். பெர்னாண்டஸ் வேளாவேளைக்குப் பீட்ரூட்டும் பயறும் கொண்டுவந்து கதவைத் தட்டுவான். கதவு கொஞ்சம் திறக்கும், தட்டு உள்ளே போகும். பிறகு காலித் தட்டு வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் உள்ளே தூக்கம். என்ன தூக்கம்! பகல், ராத்திரி, மறுநாள் பகல் என்று தூங்கினாள். விழுந்துவிட்டாளோ என்று பயந்து அடிக்கடி கதவில் காது வைப்பேன். மூச்சு சீராகக் கேட்கும். சேட்டும் போய்விட்டார், சத்தம் போட ஆளில்லை. ஏரியைப் பார்த்தபடி நானும் வாய் மூடி உட்கார்ந்திருந்தேன், என் திட்டத்தில் அந்த ஒரு அம்சமாவது நிறைவேறட்டும் என்று.

அதற்கடுத்த நாள் காலை கதவு திறந்தது. சரசா நின்றாள். தலை கலைந்திருந்தது. முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது.

"எல்லாரும் போயாச்சா?" என்றாள்.

"போயாச்சு. ஸ்டவ்வையும் அனுப்பிச்சாச்சு."

"நீங்க போகலையா?"

"உனக்குத் துணையா இருக்கலாம்னு..."

"நீங்க இருந்தா இன்னும் செத்த நேரத்துல காபி கேப்பேள்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வாஸ்தவத்தில், அந்தக் கதவு திறந்ததுமே என் நாக்கு நுனிக்கு வந்தது அதுதான்.

"போயிட்டு ஞாயித்துக்கிழமை வாங்கோ. வெறுங்கையோட வாங்கோ. யாரையும் அழைச்சுண்டு வராதேங்கோ," என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தத் தடவை தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஹெல்த் பேலஸ் பிறகு திறக்கவே இல்லை. சேட்டுக்கு வேறொரு திட்டம் ஏறிவிட்டது, பங்களாவில் ரப்பர் மூடிகளை அடுக்கி வைத்தார்கள். சரசா அந்த வாரம் மட்டுமல்ல, அடுத்த வாரமும் அங்கேதான் இருந்தாள், சேட்டின் விருந்தாளியாக. டாக்டர் ஈனிட் பிறகு அவளைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மனுஷி மாதிரி இருக்கீங்க," என்றார். அதெல்லாம் பின்னால் நடந்தது. நான் தனியாக வீட்டுக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பசி. ரசம் வைக்கப் பார்த்தேன். புளியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று தெரியவில்லை. ஊறவைக்காமலேயே போட்டேன். அப்பளத்தைச் சுட்டேன், அது கரியாகிச் சமையல்கட்டெல்லாம் புகை. அந்தச் சமயம் பார்த்துக் கதவைத் தட்டும் சத்தம். வாசலில் டிரங்குப் பெட்டியும் ஹோல்டாலுமாக ஒருவர் நின்றார். திருச்சியிலிருந்து பாங்குக்கு மாற்றலாகி வந்தவர், வெங்கடேஸ்வரன் என்று பெயர் சொன்னார்.

"ராஸ்தா பேட் சாமா ஆத்துக்கு..."

"இதேதான். நான்தான் சாமா. வாங்கோ, வாங்கோ!" என்றேன். அந்த 'வாங்கோ' எப்போதும் போலக் கணீரென்று வந்தது.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். புகையைப் பார்த்தார். "மாமி இல்லையா சார்?" என்றார்.

"ஓய்வுக்குப் போயிருக்கா."

"எப்ப வருவா?"

"தெரியாது. அதனால என்ன? நான் இருக்கேனே!"

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை மரியாதையாகப் பார்த்தார். நல்ல மனிதர், மனம் நோகப் பேசத் தெரியாதவர். "இல்ல சார்... ஸ்டேஷனண்ட ஒரு லாட்ஜ் பாத்து வெச்சிருக்கேன். மாமி வந்தப்பறம் வரேன்," என்று ஹோல்டாலைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

இருபது வருஷத்துக்கு மேலாக சாமா வீடு, சாமா வீடு என்று ஊரே வந்துகொண்டிருந்தது. சாமா முழுசாக வீட்டில் நிற்கும்போது, அங்கிருந்து திரும்பிப் போன முதல் ஆள் அவர்தான். டிரங்குப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, அவருக்கு ரிக்ஷா பிடித்துக் கொடுத்தேன்.